இரண்டு நாள் உத்தரவாதம்

மூன்று லட்சத்து இருபதாயிரம் என்று எழுதினேன்
பின்கண்ணாடியில், வெள்ளை மார்க்கரால்.
மாலைக்குள் கியூர்பிப் மழை
இருபதாயிரத்தைக் கழுவிவிட்டது.
மூன்றே இருக்கட்டும் என்றாள் சிவகாமி,
மழைக்குத் தெரிந்த விலை
உங்களுக்குத்தான் தெரியவில்லை.

பதினோரு வயது ஹைப்ரிட்.
ஜப்பானில் யாரோ நான்கு வருடம் ஓட்டி,
கப்பலேறிப் போர்ட் லூயியில் இறங்கி
ரீகண்டிஷன் என்று புதுப்பெயர் வைத்துக்கொண்டது.
இன்றும் பட்டனை அழுத்தியதும்
திரைக்குள்ளிருந்து ஒரு பெண்
ஜப்பானியத்தில் ஏதோ சொல்வாள்.
வணக்கமோ எச்சரிக்கையோ,
ஏழு வருடமாக
"சரிம்மா" என்றே பதில் சொல்லிவருகிறேன்.

மின்கட்டண உறையின் முதுகில் கணக்குப் போட்டேன்.
பம்பர் கீறல், ஐயாயிரம் கழி.
ஃபிளிக்-ஆன்-ஃபிளாக் ஞாயிற்றுக்கிழமைகளின் உப்பு
கதவடியில் தின்ற துரு, பத்து.
ஏசி குளிரும், இறக்கத்தில் மட்டும்.
இதற்கு எவ்வளவு கழிப்பது?
பாட்டரி என்று எழுதி
அங்கேயே நின்றது பேனா.

பெட்ரோலும் மின்சாரமும்
ஒரே அடுப்பில் முறைவைத்துச் சமைக்கும்
ஓரகத்திகள்.
ஒருத்தி இப்போது படுத்துவிட்டாள்.
எல்லா வேலையும் தன் தலையில் என்று
மற்றவள் முணுமுணுக்கிறாள்.
அந்த முணுமுணுப்புத்தான்
வேகமானிக்குப் பக்கத்தில்
சிவப்பு முக்கோணமாய் எரிகிறது.
புது பாட்டரி தொண்ணூறாயிரம்.

வாக்வா மெக்கானிக் ரஷீத்
கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான்:
"பத்து நிமிஷம். விளக்கை அழித்துவிடுகிறேன்.
இரண்டு நாளைக்கு வாய் திறக்காது.
உத்தரவாதம்."
ஐந்நூறு ரூபாய் கொடுத்தேன்.
பக்கத்தில் யாரும் இல்லை.
ஆனாலும் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன்.

சனிக்கிழமை வந்தாள் மதாம் கிளாரிஸ்,
ரோஸ் பெல் ஆஸ்பத்திரியில் இரவு நர்ஸ்.
மார்பைத் தட்டிக் கேட்பதுபோல்
கதவைத் தட்டிக் கேட்டாள்.
டயர்முன் குனிந்தாள்,
நாக்கை நீட்டு என்று சொல்லாத குறை.
ஜப்பான்காரி பேசினாள்.
"என்ன சொல்கிறாள்?"
"உங்களை வரவேற்கிறாள்."
அன்றைய முதல் பொய், சின்னது.
"பெரிய ரிப்பேர் ஏதாவது உண்டா, மிஸ்யே வீராபென்?"
"ஓடுகிற வண்டி, மதாம்."
இது பொய்யில்லை.
பதிலும் இல்லை.

த்ரூ-ஓ-செர் மேட்டில்,
தூங்குகிற எரிமலையின் வாய்க்கு ஏறும் சாலையில்,
அவள் ஓட்ட, நான் பக்கத்தில்
வானிலை பற்றி மிக அதிகமாகப் பேசிக்கொண்டிருந்தேன்.
பாதி ஏற்றத்தில்
டிங்.
முக்கோணம்.
ரஷீதின் இரண்டு நாள்
இருபத்தெட்டு மணி நேரத்தில் முடிந்துபோனது.

வைப்பர் மட்டும் கொஞ்ச நேரம் பேசியது.
வண்டியை ஓரங்கட்டினாள்.
முக்கோணத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்,
பிறகு ஸ்டீரிங்கில் நெற்றி முட்டச் சிரித்தாள்.

"போன மாதம் என் வண்டியை விற்றேன்.
இதே விளக்கு.
அணைக்க எழுநூறு வாங்கினான் படுபாவி.
உங்களுக்கு எவ்வளவு?"
"ஐந்நூறு."
"வாங்கியவர் இன்னும் கூப்பிடவில்லை," என்றாள்.
சிரிப்பு நின்றிருந்தது.
"தினமும் போனைப் பார்க்கிறேன்."

நான் உறையை எடுத்து நீட்டினேன்,
பாட்டரிக்கு எதிரே வெறுமையோடு.
தொண்ணூறு என்று அவளே எழுதினாள்,
நர்ஸ்களின் அந்தக் கோணல் எழுத்தில்.
இரண்டு லட்சத்துக்கு வந்தோம்.
ஏறும்போது ஒருமுறை, இறங்கும்போது ஒருமுறை
ஆயிரம் ஆயிரமாகச் சண்டையிட்டு,
இரண்டு லட்சத்து ஐயாயிரம்.

திங்கள் காலை எங்கள் வாசலில்
பட்டனை அழுத்தினாள்.
ஜப்பான்காரி சொன்னாள், ஏதோ.
நான் வாயெடுப்பதற்குள்
"வீ, ஷெரி" என்று கிளாரிஸ் பதில் சொல்லிவிட்டாள்.

சத்தமில்லாமல் நகர்ந்தது.
பின் நம்பர் தகடு
ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.
ஏழு வருடத்தில்
அது போவதைப் பின்னால் நின்று
நான் பார்த்ததே இல்லை.